அண்டாத்தலையரின் கயிறு

கடலுக்கு அடியில் நிம்மதியாகவும் கரையில் மூச்சுத் திணறியும் வாழ்ந்த ஒரே மனிதர், நான் பார்த்தவரை, அண்டாத்தலையர்தான். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் அதை எழுதிய எனக்கே மறந்துவிட்டது. மூழ்கும்போது அவர் தலையில் மாட்டும் செப்புக் கவசம் கல்யாண வீட்டு அண்டா போலவே இருக்கும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மண்டபம் ஊருக்குத் தெற்கே, கடலில் பன்னிரண்டு ஆள் ஆழத்தில், ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடந்தது. அதிலிருந்த செம்புக் கட்டிகளை எடுக்க எங்கள் சர்க்கார் ஆபீஸ் புறப்பட்டது. நான் குமாஸ்தா. நீச்சல் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். அதனாலேயே என்னைப் படகில் போட்டார்கள்.

அண்டாத்தலையர் அந்தக் கப்பலுக்குள் போய்விட்டு வந்தால், சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி குறை சொல்வார். "கேப்டன் ரூம்ல ஒரு கலவா மீன் குடியிருக்கு, சார். மனுசன் வாரானேன்னு ஒதுங்கக்கூட இல்ல." நான் அதை 'கேப்டன் அறையில் ஆக்கிரமிப்பு' என்று கோப்பில் எழுதி வைத்தேன்.

அவருடைய இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவர் மனைவியின் தம்பி. முத்துக் குளித்த காலத்திலிருந்தே அங்கே அதுதான் வழக்கம். அக்கா தாலி அறக்கூடாது என்று மச்சினன் கயிற்றை விடமாட்டான். ஆனால் இந்த இருவருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அண்டாத்தலையர் வீட்டு ஞானஸ்நான விருந்தில், மச்சினன் இலையில் மரியாதைக்கு வைக்கும் மீன் தலைக்குப் பதிலாக வால் விழுந்துவிட்டதாம். இரண்டடி தள்ளி நிற்பவனிடம் முடிச்சை இறுக்கச் சொல்லும்படி அவர் என்னிடம் சொல்வார். இறுக்கியாயிற்று என்று அவனும் என்னிடமே சொல்வான். எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அப்போது மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். ஒரே வேலையில் உறவினர் இருவர் இருக்கக்கூடாது என்பது சட்டம். கயிறு பிடிக்கச் சர்டிபிகேட் வாங்கிய ஓர் ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அண்டாத்தலையர் முழுக் கவச உடையோடு படகில் உட்கார்ந்துகொண்டு, புது ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் செத்தா ஒங்க வீட்டுல யாரு அழுவா?"

யாரும் அழமாட்டார்கள் என்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அப்ப நான் எறங்கல."

வேலை போய்விடும் என்று அதிகாரி மிரட்டினார். அண்டாத்தலையர் அசையவில்லை. அன்றுதான் என் மூளை முதலும் கடைசியுமாக வேலை செய்தது. 'இருவரும் எட்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே உறவு நடைமுறையில் இல்லை' என்று ஒரு குறிப்பு எழுதி நீட்டினேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அண்டாத்தலையர் இறங்கினார். கால் மணி நேரத்தில் கயிறு விறைத்தது. கேப்டன் அறைக்குள் எதிலோ சிக்கிக்கொண்டார். உதவ வந்த சர்டிபிகேட்காரனை மச்சினன் முழங்கையால் தள்ளிவிட்டு, கயிற்றைத் தளர்த்தினான், காத்திருந்தான், மெல்ல இழுத்தான், மறுபடி தளர்த்தினான். உள்ளங்கை கிழிந்து கயிறு சிவந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் அண்டா மேலே வந்தது. கழற்றினால், முகம் நீலம் பாரித்திருந்தது.

"அத்தான், அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பேச்சுச் சத்தம் கேட்டு அதிகாரி திரும்பினார். என் குறிப்பு பொய்யாகிவிடாமல் இருக்க நான் இருமினேன். மச்சினன் புரிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினான்.

"சார், இனி அந்த ரூமுக்குள்ள போக வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க."

"சரின்னு சொல்லுங்க, சார்" என்றார் அண்டாத்தலையர், மூச்சு வாங்கிக்கொண்டே.

இரண்டையும் சொன்னேன். உறவு இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி. மத்தியானம் அண்டாத்தலையர் தன் இலையில் இருந்த மீன் தலையை எடுத்து மச்சினன் இலையில் வைத்தார்.

வேலை முடிந்து நான் கிளம்பிய அன்று இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். "ஒங்களுக்கு மச்சினன் இல்லையாமே, சார். எங்கயாச்சும் ஆழத்துல எறங்குறதா இருந்தா சொல்லி அனுப்புங்க. இவன் வந்து கயிறு புடிப்பான்" என்றார் அண்டாத்தலையர்.

ரயில் உச்சிப்புளி ஸ்டேஷனைத் தாண்டும்வரை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.