இத்தாலி விற்காத ஆறு கதிரைகள்

பெட்டி பிரித்த புதுத் தோலின் மணம் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு முழங்கால் வலிக்கும். இத்தாலி ஞாபகம் வந்துவிடும். வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே வேலையில் இருந்த விற்பனையாளர், பண்டாரவளையில் அவர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். எங்கள் தளபாடக் கடை முதலாளி கொழும்பிலிருந்து ஆறு இத்தாலித் தோல் கதிரைகளை இறக்கினார். மடுல்சீமைத் தோட்ட லயத்தில் பிறந்து, பதுளை மாவட்டத்தைத் தாண்டாத மனிதருக்கு அன்றோடு சொந்தப் பெயர் போய், இத்தாலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பில் மேசையில் நின்றேன். ஊழியர்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். மழைகூட மாலையில் ஓயும், எங்கள் கால்கள் ஓயாது.

இத்தாலிக்கும் ஒரு சட்டம் இருந்தது. உட்காரத் தெரியாதவருக்குக் கதிரை கிடையாது. நுனியில் உட்கார்ந்த வக்கீலை, “அவசரக்காரருக்கு பெஞ்சு போதுங்க” என்று அனுப்பினார். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் உயர்த்தி வைத்திருந்த ஒன்றில் ஏறி, கால் எட்டாமல், “தம்பி, என்னை இறக்கிவிடும்” என்றார். இத்தாலி விசையை அழுத்த, வாத்தியார் சர்ரென்று பூமிக்கு வந்தார், கும்பிட்டபடியே வெளியே போனார்.

தீபாவளிக்குள் ஆறும் போகாவிட்டால் நீ போகணும் என்று இத்தாலியிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

தீபாவளிக்கு முந்திய நாள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை ஒருவர் வந்தார். ஆபீசுக்கு ஆறும் வேண்டுமாம். உட்கார்ந்தார். முதுகு ஒட்டியது, பாதம் பதிந்தது. இத்தாலிக்கே குறை கிடைக்கவில்லை. நான் நிம்மதியாக பில் புத்தகத்தைத் திறந்தேன்.

“தொரை, ஒங்க ஆபீசுக்கு வர்ற ஆளுங்க எங்க உக்காருவாங்க?” என்று கேட்டார் இத்தாலி.

“அவங்க சன்னலுக்கு வெளியதான் நிப்பாங்க.”

“அப்ப இதுல ஒண்ண சன்னலுக்கு வெளிய போடுவீங்களா? மழ படாமத்தான்.”

துரை சிரித்தார். இத்தாலி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு கேட்டு, வயிற்றுப்பிள்ளையோடு தன் அம்மா அப்படியொரு சன்னலடியில் அரைநாள் நின்றதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். ஆறு கதிரைகளுக்கும் நிதானமாகப் பிளாஸ்டிக் உறையை மாட்டத் தொடங்கினார். ஆறாவதற்கு மாட்டுமுன் துரையின் ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன். பண்டிகைக் கூட்டம், மிதிபலகையில்தான் இடம். ஏதாவது சீட் கிடைக்குதா பாருங்கண்ணே என்றேன். அவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு நின்னு பழக்கம். தம்பி, ஆறுல அந்தக் கறுப்புதான் ஒங்க முதுகுக்குச் சரியா வரும். மொதலாளி இல்லாத நேரமாப் பாத்து, ஒருக்கா சாஞ்சு உக்காருங்க.”