ஐந்தருவியில் நனைந்த துரை

உலகெங்கும் வாழும் ஆங்கில ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க இனி இங்கிலாந்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. குற்றாலத்துக்கு வந்தால் போதும். வரும்போது ஒரு கட்டுச் சுருட்டும் ஒரு பிராந்தி பாட்டிலும் கையோடு கொண்டுவரவும்.

இந்த அறிவிப்பை நம்பி ஓடியவர்களில் முன்வரிசைக்காரன் நான். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் தலை நரைக்கும்வரை ஆங்கிலம் நடத்தியவன். இந்த ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று தாளாளர் சொல்லிவிட்டார். என் வயதுக்கு உள்ளூரில் எவன் வேலை தருவான்? வியட்நாம், துருக்கி, ஜப்பான் என்று எழுதிப் போட்டேன். வீட்டில் ஆங்கிலம் பேசாத நாடுகள் எல்லாம் ஒரே குரலில் பதில் எழுதின: ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். வியட்நாமில் ஒரே ஒரு நிறுவனம் மட்டும், வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வழியே பேசிப் பார்க்கலாம் என்றது.

அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் துரைவாக்குச் சுவாமிகளைத் தேடிப் போனேன்.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் நம்பிராஜன். செங்கோட்டையில் மிக்ஸி ரிப்பேர் பார்த்தவர். அந்தக் காலத்தில் வேட்டைக்கு வந்து இங்கேயே செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை இப்போது அவர்மேல் இறங்குகிறாராம். சாமி செய்வதில் நம் சீமைக்கு வஞ்சனையே கிடையாது. சுடலைமாடனுக்குப் படைக்கிற சுருட்டை வெள்ளைக்காரனுக்கும் படைத்துவிடுவோம். போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது.

ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜ் மண்டபம். எங்கு பார்த்தாலும் ஆங்கில ஆசிரியர்கள். சுருட்டுப் புகைக்கு நடுவே சுவாமிகள் வாயைத் துண்டால் மூடிக்கொள்வார். சற்று நேரத்தில் கணீரென்று ஓர் ஆங்கிலம் கிளம்பும். அடடா! அருவி விழுவது மாதிரி தங்குதடையில்லாத பேச்சு. நான் பக்கத்து ஆளிடம் நிபுணன் தோரணையில் சொன்னேன்: "இது பிறவி நாக்கு வே. படிச்சு வராது. நம்மாளு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிப் பேச முடியாது."

இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரை பேசி முடித்ததும், சுருட்டுச் சாம்பல் குழைத்த மலைத்தேனை எங்கள் நாக்கில் தடவினார் சுவாமிகள். அதன்பின் ஒரு மண்டலம் தமிழ் பேசக்கூடாது. பேசினால் துரை கோபித்துக்கொள்வார். நான் விரதம் தவறவில்லை. சால்னாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் பரோட்டாவை வெறுமனே தின்றேன்.

என் விரதத்தைப் பார்த்துப் பயந்துபோனவர் எங்கள் பள்ளியின் இன்னொரு ஆங்கில ஆசிரியை மெஹர் பானு. அவருக்கும் வேலை போகப்போகிறது. ஆனால் அவர் நாக்கில் தேன் தடவவில்லை. நாக்கை இட்லி தோசைக்கு மட்டும் பயன்படுத்துகிறார். அடுத்த கூட்டத்துக்கு என்னோடு வந்தார். சுவாமிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இந்தச் சாரல்ல குற்றாலமே நனைஞ்சு கெடக்கு. இவரு ஒருத்தர்தான் காஞ்சு போயி இருக்காரு. கவனிச்சியளா?"

நான் ஆங்கிலத்தில் கோபப்பட்டேன். அவர் எழுந்து நின்று கேட்டார். "சுவாமி, துரை குற்றாலத்துக்கு வந்து இன்னும் குளிக்கலியாமே? இப்ப இறங்கியிருக்கும்போதே அருவிக்குக் கூட்டிட்டுப் போவமா?"

சுவாமிகள் துண்டை எடுத்தார். "துரைக்குத் தண்ணி ஆகாதும்மா. ஜலதோஷம் பிடிச்சிரும்."

"செத்துப்போன ஆளுக்கா?"

அதற்குமேல் மெஹர் பானு ஒன்றும் செய்யவில்லை. மிச்சத்தைப் பக்தர்கள் பார்த்துக்கொண்டார்கள். துரையோடு ஒரே அருவியில் குளிக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே வந்திருந்த கூட்டம் "துரைக்கு ஜே!" என்று சுவாமிகளை அலாக்காகத் தூக்கியது. அவர் கால்களை உதைத்தார். அருள் முற்றிவிட்டது என்று நாங்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தோம். இடது கால் என் கையில்.

ஐந்தருவிப் படிக்கட்டில் இறங்கும்போது சுவாமிகளின் மார்பிலிருந்து சத்தம் வந்தது. வாயிலிருந்து அல்ல, மார்பிலிருந்து.

"அண்ணாச்சி, என்ன இரைச்சலு? இங்கன ஒண்ணுமே கேக்கலியே! லைன்ல இருக்கியளா?"

"துரை தமிழும் பேசுதாரு!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுவாமிகளின் கழுத்தில் தேங்காய்ச் சில்லு அகலத்துக்கு ஒரு பதக்கம் தொங்கியது. மெஹர் பானு அதைப் பிடித்து இழுத்தார். உள்ளே குட்டி ஸ்பீக்கர். மடியிலிருந்து ஒரு செல்போன் கீழே விழுந்தது. அதை எடுத்து வாயருகே பிடித்துப் பேசினார்; பதில் பதக்கத்திலிருந்து எல்லோருக்கும் கேட்டது.

"யாருப்பா நீ?"

"விஜய்பாண்டி, மேடம். வீரகேரளம்புதூரு. லாட்ஜு மாடி ரூம்ல இருக்கேன். எம்.ஏ. இங்கிலீஷு."

"இவ்வளவு நல்லா இங்கிலீஷ் பேசுதியே, ஒனக்கு ஏன்யா இந்தப் பொழப்பு?"

"வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டேன் மேடம். தாய்மொழிக்காரன் இல்லேன்னு எல்லா எடத்துலயும் தள்ளிட்டாவ."

அதற்குள் தண்ணீர்க்கரைக்கு வந்திருந்தோம்; நான் இடது காலை விட்டதும் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். சுவாமிகள் பொத்தென்று தண்ணீரில் விழுந்தார். பாவம் தீர்ந்ததோ என்னவோ, அவருக்குக் குளித்தாயிற்று.

"பிறவி நாக்கு எங்க சார்?" என்றார் மெஹர் பானு. நான் சுவாமிகளைக் கரையேற்றக் கை கொடுக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மழையில் லைன் சரியில்லாததால் படம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். வியட்நாம் நிறுவனத்து அம்மாள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். "அருமை! எப்போது கிளம்ப முடியும்?" என்றார். அந்த நேரம் பார்த்து லைன் சரியாகிப் படம் வந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தகவல் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு அணைத்துவிட்டார்.

நாங்கள் வெள்ளைக்காரத் துரையை நினைத்துக்கொண்டு வீரகேரளம்புதூர்க்காரனைக் கும்பிட்டோம். அந்த அம்மாள் குரலைக் கேட்டுப் பாராட்டி, தோலைப் பார்த்துத் தள்ளினார். சாமியாடிகள் செங்கோட்டையில் மட்டும் இல்லை; சில பேர் கோட்டு மாட்டிக்கொண்டு நேர்காணல் நடத்துகிறார்கள். துரை எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அருவிக்கு ஒருமுறை கூட்டிப் போய்ப் பாருங்கள், ஐயா.

இவ்வளவு பேசுகிற நான், நேர்காணலுக்கு உட்காரும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கில் கொஞ்சம் மலைத்தேன் தடவிக்கொண்டேன்.

வேலை கிடைக்கவில்லை.