குப்பைக்குப் போர்த்திய சீர்க் கம்பளி

மார்கழியில் ஃபேனை இரண்டில் சுழலவிட்டு, குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு, "யப்பா, இன்னா குளிரு!" என்பவர்கள் திருவேற்காட்டுக்காரர்கள். குளிரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நினைத்ததுதான் வினை.

கல்யாணமான புதிது. கனடாவிலிருந்து வந்த நண்பன் ஒரு பொட்டலம் கொடுத்தான். உள்ளே நுண்ணுயிர்த் தூள். பனி கொட்டும் ஊரிலும் சமையலறைக் குப்பையை மக்க வைத்துவிடுமாம்.

"நம்ம ஊருக்கு இது தேவையே இல்லடா, சும்மா பாரு," என்றான். (சும்மா பார்க்கிற ஆளா நான்?)

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு வரவிருந்தார் வெள்ளானூர் மாமனார். விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரை விட்டால் ஒன்றும் தெரியாது என்று அங்கே பேச்சு. நானே செய்த உரத்தை அவர் கையில் அள்ளிக் கொடுத்து அந்தப் பேச்சை ஒழித்துவிடத் துடித்தேன்.

பால்கனித் தொட்டியில் குப்பையைப் போட்டு, தூளைத் தூவி, வெல்லத் தண்ணீர் தெளித்தேன். குளிர்காலத்தில் தொட்டியைப் போர்த்தி வைக்கவும் என்றது பொட்டலம். மார்கழி குளிர்காலம் இல்லையா? பீரோவிலிருந்த தடித்த கம்பளியை எடுத்து, காற்றுத் துளைகள் எல்லாம் மூடும்படி இறுக்கிக் கட்டினேன்.

"ஏங்க, நாறுதுங்க," என்றாள் மனைவி செல்வி.

"உள்ளே வேலை நடக்குது," என்றேன். நடந்தது. வேலை பார்த்தவை புழுக்கள்.

பொங்கலன்று, கரும்பைச் சாய்த்து வைக்கப் பால்கனிக்குப் போன மாமனார் அங்கேயே நின்றுவிட்டார். அசந்துவிட்டார் என்று நினைத்து, ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். கறுப்புச் சாறு அவருடைய புது வேட்டியில் தெறித்தது. அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. புழுக்களையும் பார்க்கவில்லை.

"இன்னா மாப்ளே, கல்யாணத்துல நாங்க சீர் வச்ச கம்பளி ஆச்சே இது?"

"குளிருதேன்னு போர்த்தினேன், மாமா."

"யாருக்கு?"

"குப்பைக்கு."

பின்னால் மாமியார் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டது. அவமானத்தில் எனக்குத் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் அங்கே இடமில்லை.

இப்போதும் பொங்கல் சீரில் கம்பளி இரண்டு வருகிறது. ஒன்றைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, மற்றதை எல்லார் முன்னாலும் என்னிடம் நீட்டுவார் மாமனார்.

"இது உங்க குப்பைக்கு, மாப்ளே. பாவம், வெறும் உடம்போட கீது."