சாக்ஸபோனுக்கு மாலை மரியாதை

உதவி செய்யப் போகிறவன்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறான். இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் கோமாளி நான்தான். ஒரு தடவையாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், இது அடுக்குமா?

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு டயர் கடையில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. சனிக்கிழமை அரை நாள்தான். கடை சாத்தியதும் நேராக டவுனில் இருந்த ஒரு ஓட்டலுக்குப் போய்விடுவேன். அங்கே சாயங்காலத் தேநீர் நேரத்தில் ஒரு பிலிப்பினோ குழு ஜாஸ், புளூஸ், சோல் என்று மாற்றி மாற்றி வாசிக்கும். ஒரு கோப்பைத் தேநீரை ஆறவிட்டுக் குடித்தபடி கடைசிப் பாட்டுவரை அசையமாட்டேன். (சத்தியமாகத் தேநீர்தான். நம்பினால் நம்புங்கள்.) சாக்ஸபோன் வாசிக்கும் ரமோன் கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தால், வாரம் முழுக்க முதலாளியிடம் வாங்கிய ஏச்செல்லாம் எனக்கு மறந்துபோகும்.

ஆனால் நாங்கள் குடியிருந்த புந்தோங் முழுக்க என்னைப் பற்றிப் பரவிய செய்தி வேறு. குணா சனிக்கிழமை தவறாமல் ஓட்டலுக்குத் தண்ணி போடப் போகிறானாம். அது போய்ச் சேரக்கூடாத காதில் போய்ச் சேர்ந்தது. என் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா. அவர் மகள் கமலாவைத்தான் நான் கட்டுவதாக இருந்தேன். கமலாவுக்கும் சம்மதம். மாமா சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்தவர். தோட்டம் கைமாறியதும் புந்தோங்குக்கு வந்து, வந்த வேகத்தில் கோயில் தலைவராகவும் ஆகிவிட்டார்.

"நீ அங்க என்னா பண்றேன்னு நானே வந்து பாக்குறேன். ஒழுங்கான எடமா இருந்தா பொண்ணு தாரேன். இல்லேன்னா அந்தப் பக்கம் போறதையே விட்டுடணும், அப்புறம் பேசலாம்" என்றார்.

என்ன மாதிரி இடம் என்று கேட்டார். கச்சேரி மாதிரிதான் மாமா என்றேன். என்மேல் சுமத்தப்படும் முதல் குற்றம் இதுதான். வேறு எப்படித்தான் சொல்வதாம்?

அந்தச் சனிக்கிழமை மாமா வெள்ளை வேட்டி, சந்தன நிற ஜிப்பா, கையில் ஒரு பெரிய பையோடு என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. பெண் கொடுக்கப் போகிறவரின் பையை எவனாவது சோதனை போடுவானா?

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பாடகி உருகி உருகிப் பாடினாள். என்ன சொல்லுது அந்தப் பொண்ணு என்று மாமா கேட்டார். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அழுகிறாள் மாமா என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பெரியவங்க யாரும் கூப்பிட்டு வெச்சுப் பேசலியா என்று என்னைக் கேட்டார். (நான் என்ன பஞ்சாயத்தா பண்ணினேன்?) கொஞ்ச நேரத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். என் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது.

அப்புறம் ரமோன் எழுந்து தனியாக வாசித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ரமோன் தன் பங்கை முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இசையில் அது வழக்கம். பாட்டு நடந்துகொண்டே இருக்கும், ஒருவர் வாசித்து முடித்ததும் தட்டுவார்கள். மாமாவோ கச்சேரியே முடிந்துவிட்டது என்று எழுந்துவிட்டார்.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துரை வந்தாலும் சரி, நாடகக்காரர் வந்தாலும் சரி, கழுத்தில் மாலை, கையில் எலுமிச்சம்பழம். அது இல்லாமல் யாரையும் அனுப்பமாட்டார்கள். பையிலிருந்து செவ்வந்தி மாலை வந்தது. நான் நாற்காலியைத் தள்ளுவதற்குள் மாமா மேடையேறி ரமோன் கழுத்தில் போட்டும்விட்டார். யாரோ பெரிய மனிதர் போலிருக்கிறது என்று கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. ரமோன் குனிந்து வணங்கினார். அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதவேண்டியதில்லை.

எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தது. ரமோனின் இரண்டு கையும் சாக்ஸபோனில். மாமா ஒரு கணம் பார்த்தார். எதிரே அகலமாக வாயைத் திறந்துகொண்டு அந்த வாத்தியம். மிகுந்த மரியாதையோடு பழத்தை அதற்குள் போட்டுவிட்டு, கும்பிட்டு இறங்கினார்.

அடுத்து ரமோன் ஊதியபோது சளி பிடித்த எருமை கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் எருமை.

உதவி செய்யலாம் என்று ஓடினேன். செய்தது அவ்வளவுதான். வாத்தியத்துக்குள் கையை விட்டேன், பழம் இன்னும் கீழே போயிற்று. நான் பிடுங்க வந்ததாக நினைத்து ரமோன் இழுத்தார். நானும் இழுத்தேன். வாத்தியம் அவர் கழுத்துவாரில் மாட்டியிருந்ததால் மனிதரும் சேர்ந்தே வந்தார். மாலை அறுந்தது. என் கால் பட்டு டிரம்ஸின் தாளத்தட்டு ஒன்று தடாலென்று விழுந்தது. கடைசியில் பழம் கையில் சிக்கியதும், எல்லாருக்கும் தெரியட்டும் என்று உயர்த்திக் காட்டினேன். ஒருவரும் கைதட்டவில்லை.

மேனேஜர் வந்து என் சட்டையைப் பிடித்தார். மாலை போட்டவரை இல்லை, என்னை! மாமாவைக் காட்டி, நான் அவரோடு வந்தவன் என்று மலாயில் கத்தினேன். இவர் உங்கள் ஆளா என்று மேனேஜர் பணிவாகக் கேட்டார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அது இன்னும் முடிவாகவில்லை என்றார்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் மழைத் தூறலில் நின்றேன். உள்ளே மாமாவுக்குக் கேக் கொடுத்தார்களாம். கடைசிப் பாட்டும் முடிந்து, ரமோனின் தோளில் கை போட்டபடி மாமா வந்தார். மோட்டாரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"எடம் நல்ல எடம்லா. மரியாத தெரிஞ்ச மனுசங்க. ஆனா ஒன்னைய இனிமே உள்ள விட மாட்டாங்களாம். அதுவும் நல்லதுக்குத்தான். தை மாசமே வெச்சுக்கலாம்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் மாமா அந்த ஓட்டலுக்குப் போனார். கொண்டுபோய் விட்டது யார்? நான். அவர் உள்ளே ரமோனைக் கேட்டார். நான் சமையலறைப் பின்கதவு ஓரம் மோட்டாரில் உட்கார்ந்து, பரிமாறுகிறவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாய் கேட்டேன். அந்த ஓட்டலை ஒரேயடியாக மூடும்வரை இதுதான் கதி.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்.

"எங்கப்பா குடிக்கவே மாட்டாருங்க. உள்ள விட மாட்டாங்க."

கமலா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்குப் பழகிய இடம்தானே.