வாண்டு விழுந்ததும் நான் விழுந்ததும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. வீட்டில் அனைவரும் நலம். என் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கப்பலில் தங்கள் உடல்நிலை எப்படியென்று எழுதுங்கள்.

பேத்தி வாண்டின் முதல் போட்டியைப் பார்த்துவிட்டு, அவள் பனிச்சறுக்கு நடனத்தைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். "மாமா சொன்னா சரியா இருக்கும்" என்று என் மகளிடமும் சொன்னீர்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் சிதறாமலிருக்க முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. போட்டியில் நடந்தது.
2. என் முழங்கால்.
3. தொடரலாமா என்பதில் என் கருத்து (வேண்டாம்).

மகளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி என்பதால் நான்தான் அழைத்துப் போனேன். வாண்டு தன் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, குனிந்து அவிழ்ந்திருந்த என்னுடையதையும் கட்டிவிட்டாள். பயிற்சியாளர் அம்மாள் என்னைப் பார்த்து, "பெரியவரே, தடுப்புக்கு அந்தப் பக்கமே இருங்க" என்றார். "நான் எங்கேம்மா வரப்போறேன்" என்றேன். அப்போது அது உண்மைதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குத் தினமும் அழைத்துப் போவதும் அதே நாற்காலியில் பிளாஸ்க்குடன் உட்காருவதும் நான்தான் என்றாலும், பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வேன். ஐஸ் என்பது கல். குழந்தைக்கோ சதைப்பிடிப்பே கிடையாது. அவள் காலணியின் கத்தி ஐஸில் உரசும் சத்தம் தடுப்பு வாசலருகே வந்து நின்ற பிறகுதான் திறப்பேன். ஆகவே அவளுடைய ஆட்டம் எப்படி முடியும் என்று நான் பார்த்ததே இல்லை.

போட்டியிலும் மூடிக்கொண்டேன். பாட்டு நின்றது; கத்திச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், நடு ஐஸில் குழந்தை ஒருக்களித்துக் கிடக்கிறாள், ஒரு கை நீட்டியபடி, அசைவில்லை, முகம் என்னைப் பார்த்திருக்கிறது, சுற்றிலும் ஜனங்கள் கைதட்டுகிறார்கள், இவர்களெல்லாம் மனிதர்கள்தானா என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது, அடுத்து என் மடியிலிருந்த அவளுடைய ஸ்வெட்டரோடு தடுப்பைத் தாண்டி நிற்கிறேன், நிற்கிறேன் என்பதும் சரியல்ல, உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கி அவளையும் கடந்துபோய் நடுவர்களுக்கு முன்னால் இருந்த பலகையில் முட்டினேன். நடுவர் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன்.

வாண்டு பறந்து வந்தாள்.

"தாத்தா, எந்திரிக்காத. அப்படியே உக்காரு."

"எங்கம்மா அடிபட்டுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. டான்ஸே அப்படித்தான் முடியும்."

ஸ்வெட்டரின் ஒரு கையை எனக்குக் கொடுத்து, மறு கையைத் தான் பிடித்து, என்னை வாசல்வரை இழுத்துப் போனாள். ஆட்டத்தைவிட இதற்குத்தான் கைதட்டல் அதிகம். "எந்தப் பக்கம் இருக்கச் சொன்னேன்?" என்றார் பயிற்சியாளர். ஆட்டம் முடிந்த பிறகே நான் நுழைந்ததால் மதிப்பெண் குறையவில்லை. கடைசிக்கு முந்தின இடம்.

முழங்கால் வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை. "உங்களை அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்கிறாள் மகள்.

மூன்றாவது: நிறுத்திவிடலாம். சதுரங்கம் கற்றுக்கொடுப்போம். அதில் விழுவதென்றால் நாற்காலியிலிருந்துதான்.

கடல் உங்களிடம் சாதுவாக நடந்துகொள்ளட்டும். என்றும் நன்மை நாடும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வாண்டு அவள் அம்மாவின் போனோடு வந்து, யாரோ எடுத்த வீடியோவைக் காட்டினாள். "இப்பவாவது பாரு, தாத்தா." பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் நிஜமாகவே விழுந்திருக்கிறாள். நான் பயப்படத் தொடங்குவதற்குள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தாள். கடைசியில் படுத்தாள். முகம் என் நாற்காலிப் பக்கம். "தினமும் உன்னைப் பாத்துத்தான் முடிப்பேன். நீதான் கண்ணை மூடிட்டு உக்காந்திருப்ப" என்றாள். அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. வீக்கம் வடிந்ததும் நானே அழைத்துப் போகிறேன். தடுப்புக்கு இந்தப் பக்கமே இருப்பேன். மாப்பிள்ளை, மூன்றாவது கருத்து தவறு. அது ஒன்றையும் பார்க்காதவன் சொன்னது.