இரண்டு நிமிடம் ஓட விடவும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் வண்டி எங்கள் இருவரையும்விட சுகம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது ஒரு புகார்க் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. புகார் உங்கள் மேல்தான்.

இரண்டு வருட வேலைக்காக நீங்கள் விமானம் ஏறும்போது, இருபத்தாறு வயதான அந்த டீசல் வண்டியின் சாவியை என் கையில் வைத்து, "நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்த எஞ்சின் உயிரோட இருக்கணும் மாமா" என்றீர்கள். என் மகளைக் கைப்பிடித்த அன்றுகூட உங்கள் கண் அப்படிக் கலங்கி நான் பார்க்கவில்லை. கூடவே, எஞ்சின் நீண்ட நாள் உழைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று பென்சிலில் எட்டுக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தீர்கள். நான் நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். மூன்று இடத்தில் 'எஞ்சின்', இரண்டு இடத்தில் 'இன்ஜின்', ஓரிடத்தில் வெறும் 'இஞ்சி' என்று இருந்த காகிதத்தை அப்படியே விட எனக்கு மனம் வருமா? சிவப்பு மையில் திருத்தி, நல்ல தாளில் படியெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே ஒட்டிவைத்தேன். அன்றிலிருந்து அந்தத் தாளில் எழுதியிருப்பதை ஓர் எழுத்து மீறியதில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதில்லை. மாதம் ஒருமுறை டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுகிறேன். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் கரி அடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் வாரம் ஒருமுறை அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் போய் வருகிறேன். போகும்போது பேச்சுக் கிடையாது. என் கண் முழுக்க சூடு காட்டுகிற முள்ளின் மேல்தான். ஆயிலை மாற்றிய மறுநாளே அது கறுத்துவிட்டதைப் பார்த்து, நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று அத்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். டீசல் வண்டியில் ஆயில் அப்படித்தான் கறுக்கும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொல்லவைத்த பிறகுதான் சமாதானமானாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கவிழ்த்தது ஐந்தாவது குறிப்பு.

'அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஓட விடவும்.' இவ்வளவுதான் அந்தக் குறிப்பு. இதற்கு என்ன பொருள் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டு வாசலுக்கு வந்தாகிவிட்டது, அணைக்கப் போகிறோம், அதற்கு முன் இரண்டு நிமிடம் ஓட வேண்டும். சரி என்று வாசலைத் தாண்டிப் போய், மருந்துக்கடை முனையில் திரும்பி, தையல்கடைச் சந்து வழியாக மறுபடி வாசலுக்கு வருவேன். கைக்கடிகாரப்படி சரியாக இரண்டு நிமிடம். மெதுவாகப் போகிற சுற்று என்பதால், என் காலத்து அச்சுப்பிழைகளை அத்தைக்குச் சொல்லிக்கொண்டே போவேன். கேட்கிறாளா என்பது தெரியாது, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் தெருவில் ஆளே இல்லாமல் பத்து விநாடி முன்னதாக வந்துவிடுவேன். நின்றுவிட்டால் ஓடியதாகாதே என்று, அந்தப் பத்து விநாடிக்கும் வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்பேன். எட்டு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறேன் மாப்பிள்ளை.

ஒரு மனிதன் தன் வீட்டு வாசல் வரை வருகிறான், வீட்டை ஏற இறங்கப் பார்க்கிறான், போய்விடுகிறான், பிறகு வருகிறான், வந்தும் நிற்காமல் தவிக்கிறான் என்றால் தெரு என்ன நினைக்கும்? முதலில் தையல்காரர் கடையிலிருந்து இறங்கி வந்து, கேட்டைத் தொட்டுக் காட்டி, இதுதான் உங்கள் வீடு என்று பக்குவமாகச் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுப் போனேன், ஏனென்றால் என் இரண்டு நிமிடத்தை அவர் நடுவில் வெட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஞாபக சக்தி மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜன்னலில் உட்கார்ந்து, எந்தத் தேதியில் எத்தனை முறை வீட்டைத் தவறவிட்டேன் என்று நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். அந்த நோட்டை என் மகளுக்கு வரி வரியாகப் போனில் வாசித்தும் காட்டியிருக்கிறார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். போன மாதம் மகள் போனில் அழுதாள். "அப்பா, சாவிய அம்மாகிட்ட குடுத்துடுங்க. டாக்டர்கிட்ட போங்க." அவள் அழுதால் நான் தாங்கமாட்டேன், எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன். டாக்டரிடமும் போனேன். அவர் கிழமை கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். நீட்டிய கேள்வித்தாளில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, அதையும் திருத்திக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனாலும் சாவி அத்தையின் தையல் டப்பாவில், ஊசிகளுக்கு நடுவேதான் கிடக்கிறது. எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் கொடுத்த சாவியைத் திருடி ஓட்டுகிற வயதா எனக்கு? வாசலில் வண்டி மூன்று வாரமாக நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்கும்போது, என்னையும் சேர்த்து நிறுத்திவைத்ததுபோல் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், வேதனையாக இருக்கிறது.

நேற்றுத்தான் உண்மை வெளியே வந்தது. இத்தனை நாள் நின்றால் பேட்டரி இறங்குமே என்று அத்தையே மெக்கானிக்கை வரவழைத்தாள். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வதால் அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்றார். எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். நான் எட்டுக் குறிப்பையும் ஒப்பித்தேன். ஐந்தாவது வந்ததும் மனிதர் முன் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஓட விடறதுன்னா வண்டிய இல்ல சார், எஞ்சின. வண்டி நிக்கணும், எஞ்சின் ஓடணும்."

வேகமாக வந்த வண்டியில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ கொதித்துக்கொண்டிருக்குமாம். சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று உள்ளேயே கருகிவிடுமாம், அதனால்தான் நின்ற இடத்தில் இரண்டு நிமிடமாம். நான் தெருவை மெதுவாகச் சுற்றியதிலும் அது ஆறித்தான் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று ஆறுதல் சொன்னார். கெட்டது என் பெயர் மட்டும்தான்.

மாப்பிள்ளை, ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நாற்பது வருடம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீங்கள் 'நின்றபடி' என்று ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. உங்கள் மேல் கோபமில்லை, இன்ஜினியர்களுக்கு எழுத வராது என்பது உலகம் அறிந்தது. ஆனால், 'தவறு என்னுடையது, மாமாவுக்கு மறதி இல்லை' என்று ஒரு வரி உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அத்தை நான் சொன்னால் கேட்கமாட்டாள், மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். சாவி தன்னால் வந்துவிடும்.

பேத்திக்கு என் முத்தம். உங்கள் இருவருக்கும், வண்டியைப் போலவே தேயாமல் நீடிக்க என் ஆசி.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: நீங்கள் எழுதிய மூலத்தாளையும் சாட்சிக்கு இணைக்கலாம் என்று கோப்பிலிருந்து எடுத்தேன். ஐந்தாவது குறிப்பு உங்கள் பென்சிலில் இப்படி இருக்கிறது: 'அணைக்கும் முன், வண்டி நின்றபடியே இரண்டு நிமிடம் ஓட விடவும்.' இதில் 'வண்டி நின்றபடியே' என்பது சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் 'நின்றபடி எப்படி ஓடும்? முரண். நீக்குக' என்று எழுதி, கீழே என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு, மீதியை என் மகளிடம் காட்டவும்.

மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதறேன். ஒட்டி அனுப்பச் சொல்லி என்கிட்டதான் குடுத்தார், படிச்சுட்டேன். எதையும் கிழிக்க வேண்டாம், அவகிட்ட முழுசா காட்டுங்க. தன் தப்பத் தானே தேடிக் கண்டுபிடிச்சு, தேதியோட எழுதற மனுஷனுக்கு மறதின்னு யார் சொல்லுவாங்க. சாவியக் குடுத்துட்டேன். ஆனா அந்தத் தெருவச் சுத்தறத மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். வண்டியில அவர் எங்கூடப் பேசறது அந்த ரெண்டு நிமிஷந்தான்.