துருத்தி தின்ற பொன்னாடை

ஒரு விழாவில் முன்வரிசையில் என்னை இருத்திவிட்டு, மேடைக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கு அனுப்பினால், அந்த விழா நடக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அது ஒரு வியாதி. லண்டனில் இதற்குப் பெரிய டொக்டர்மார் கிடையாது. ஒரே ஒரு தடவை அக்கோடியன் என்ற வாத்தியம் ஒன்று எனக்கு வைத்தியம் பார்த்தது. பாதிதான் சுகம்.

முதலில் என்னைப் பற்றி. (சுருக்கமாக எழுதும்படி மகள் சொல்லியிருக்கிறாள். முயற்சி செய்கிறேன்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஷெட்டில் வேலை, பிறகு பிளேஸ்டோவில் மரக்கறி வைக்கக்கூட இடம் காணாத ஒரு கடை, பிறகு இல்ஃபோர்ட்டில் மூன்று கதவு வைத்த கடை. ஆங்கிலத்தை நான் படிக்கவில்லை. கல்லாவில் நின்ற என்னோடு அதுதான் வந்து பழகிக்கொண்டது. இன்றைக்குக் கிழக்கு லண்டனில் எங்கள் கடைக் கலண்டர் தொங்காத தமிழ் வீடு குறைவு. மேலே முருகன், கீழே நான். படம் ஏறக்குறைய ஒரே அளவு.

இப்படிப்பட்ட ஆளை விடுவார்களா? பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் பிரதம விருந்தினர் நான். பிள்ளை மூச்சு வாங்கி ஆடிக்கொண்டிருக்கும்போது நிகழ்ச்சியை நிறுத்துவார்கள். நான் ஏறிப் பேசுவேன். பெட்ரோல் ஷெட்டில் தொடங்கி மூன்றாவது கதவு வரைக்கும் பேசி முடிக்கும்போது பிள்ளைக்கு நல்ல ஓய்வு கிடைத்திருக்கும். பிறகு வித்துவான்களுக்குப் பொன்னாடை. எங்கள் வித்துவான்கள் பொன்னாடையைத் தூரத்தில் கண்டாலே, வாசித்தபடியே கழுத்தை நீட்டுவார்கள். அதனால் மற்றவர்கள் கார் டிக்கியில் ஸ்பேர் டயர் வைத்திருப்பதுபோல நான் ஒரு பொன்னாடை வைத்திருப்பேன். கடையில் விற்பதுதான். சரிகை கெட்டி, ஓரத்தில் நீளக் குஞ்சம்.

எங்கள் ஒரே மகள் அபிராமி, டானியல் என்ற வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது நான் பெரிதாக ஒன்றும் குதிக்கவில்லை. (குதித்தேன். ஆனால் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில்.) பொடியன் நல்லவன், கைகட்டி நின்று கதைப்பான். ஆனால் ஒரு வருசமாகியும் அவன் தாய் தகப்பனை அபி எங்கள் கண்ணில் காட்டவில்லை. இன்றைக்கு அவர்களுக்குச் சுகமில்லை, நாளைக்கு எனக்கு ஷிப்ட் என்று ஏதாவது சொல்லுவாள். தகப்பன் பஸ் ஓடி ஓய்வு பெற்றவர், அக்கோடியன் வாசிப்பவர் என்று அறிந்ததும் எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. நான் கண்ட அக்கோடியன்காரர்கள் எல்லாரும் ரெயில்வே ஸ்டேஷன் படியில் காசுக்குத் தொப்பியை மல்லாத்திப்போட்டு வாசிப்பவர்கள். பாவம் பிள்ளை, அவர்களை நினைத்து வெட்கப்படுகிறாள். நான் ஒரு பெரிய மனிதன் அல்லவா, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தக் கூச்சம் இருக்கும்தானே?

கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். அந்தத் தகப்பன், பெயர் ஃபிராங்க், வருசத்துக்கு ஒரு தடவை நகர நடுவில் ஒரு மண்டபத்தில் அக்கோடியன் விழா நடத்துபவராம். பகலில் பழகுநருக்குப் பயிற்சி வகுப்பு, பின்னேரம் கச்சேரி. இரண்டு குடும்பமும் அங்கேயே சந்திப்போம் என்று செய்தி வந்தது. போவதற்கு முதல் நாள் அபி என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். நாளைக்குக் கதிரையை விட்டு எழும்பாதேங்கோ."

"என்னத்துக்கு எழும்பப் போறன்?"

"பேசக் கூடாது, மேடைக்குப் போகக் கூடாது, கடையைப் பற்றிச் சொல்லக் கூடாது. ப்ளீஸ். எங்களுக்குச் சின்னக் கல்யாணம்தான் வேணும். அவையளோட முதல் தரம் சந்திக்கிறம், அது மட்டும் நல்லபடியா நடக்கட்டும்."

"ஓம் பிள்ளை, எழும்ப மாட்டன்" என்று கலண்டர் முருகன் மேல் சத்தியம் செய்தேன். (படத்தின் கீழ்ப்பாதியைத் தொட்டுச் செய்த சத்தியம். அப்போது கவனிக்கவில்லை.)

அடுத்த நாள் எலிசபெத் லைன் ரெயிலில் போனோம். காரில் போகாததால் பொன்னாடையைக் கோட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். எனக்கு வயிறு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மனைவி சாரதா ரெயிலில் சொன்னாள். சோறு குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஃபிராங்க் வாசலிலேயே நின்றார். நெடுத்த மனிதர், மெல்லிய குரல், கழுத்தில் ஒரு சங்கிலிகூட இல்லை. சந்தித்த சந்தோஷத்தில் என்னைப் பழகுநர் வகுப்பில் இருத்தி, தன் கையாலேயே ஓர் அக்கோடியனை என் நெஞ்சில் மாட்டினார். இருபது கிலோ அரிசி மூட்டையை ஒரு கையால் தூக்கிய என்னை அது கதிரையோடு கதிரையாக அமுக்கியது. வலக்கைப் பக்கம் ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள், இடக்கைப் பக்கம் சின்னச் சின்னப் பொத்தான்கள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. இழுத்தால் காற்று உள்ளே போகும், அமத்தினால் வெளியே வரும், அவ்வளவுதான். ஃபிராங்க் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை சொன்னார்: டை, ஸ்கார்ஃப், நீளத் தாடி, தொங்குகிற எதுவும் துருத்திக்குப் பக்கத்தில் வரக் கூடாது, மடிப்பு மூடும்போது கவ்விவிடும். நான் இதெல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு விளங்காமல் போய்விடுமோ என்று நானும் ஒருக்கால் விளங்கப்படுத்தினேன்.

பிறகு எல்லாரும் கொஞ்சம் இழுக்க, நான் முழுவதும் இழுத்தேன். கொஞ்சமாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. துருத்தி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. திரும்ப மூடப் பார்த்தால் மூடவில்லை. காற்றை விடுவதற்கென்று இடக்கைப் பக்கம் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதைச் சொன்ன நேரம் நான் அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். பலத்தைக் கொடுத்து அமத்தியபோது வயிறு கட்டைகளில் முட்டி, எருமை கத்தின மாதிரி ஒரு சத்தம் வந்தது. டானியல் ஓடிவந்து பொத்தானை அமத்தி என்னை மூடிவிட்டான். கதவடியில் அபி நெற்றியில் கை வைத்தபடி நின்றாள். ஆனால் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பவும் ஏலாதுதான், அது வேறு கதை.

பின்னேரக் கச்சேரிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்வரிசை. அங்கேதான் பிழை தொடங்கியது. என்னைப் பின்னால் இருத்தியிருக்க வேண்டும். கடைசி உருப்படிக்கு ஃபிராங்க் தனியாக வந்து, எங்கள் குடும்பத்துக்கு ஒரு புதுப் பிள்ளை வரப்போகிறாள், அவளுக்காக நானே கட்டிய மெட்டு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நல்ல மெதுவான மெட்டு. அந்தத் துருத்தி ஒரு மனிதன் நித்திரையில் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கியது. அபியைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனிதர் மேடையில் வைத்து என் மகளுக்கு மரியாதை செய்கிறார். நான் கோட்டுக்குள் பொன்னாடையை வைத்துக்கொண்டு கல்லுப்போல இருக்கவா? அந்த நேரம் பார்த்து ஃபிராங்க் வாசிப்பை நிறுத்தினார். துருத்தி பாதி திறந்தபடி நிற்க, மண்டபம் முழுக்க அமைதி. அது மெட்டுக்குள்ளே அவர் வைத்த இடைவெளி என்று பிறகு சொன்னார்கள். எங்கள் மேடைகளில் அப்படி ஓர் இடைவெளி விழுந்தால் அது எனக்குரியது.

சாரதா கோட்டைப் பிடித்து இழுத்தாள். கோட்டு அவள் கையில் நின்றது. நான் பொன்னாடையோடு மேடையில் நின்றேன்.

எங்கள் வித்துவான் என்றால் கழுத்தை நீட்டியிருப்பார். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையை விரித்துப் பின்னாலிருந்து போர்த்த, அது தோளில் நில்லாமல் வழுகி முன்பக்கம் விழுந்தது. அதே நேரம் அவர் மெட்டின் மிச்சத்தைத் தொடங்கினார். துருத்தி விரிந்தது, குஞ்சம் உள்ளே போனது, துருத்தி மூடியது. கவ்விவிட்டது. நான் இழுத்தேன். அவர் திடுக்கிட்டு மற்றப் பக்கம் இழுத்தார். இழுக்க இழுக்க அது இன்னும் ஒரு முழம் விழுங்கியது. பகலில் எனக்குக் கத்தின எருமை இப்போது கன்றோடு வந்து கத்தியது. ஃபிராங்கின் இடக்கை தோல் வாருக்குள்ளும் சரிகைக்குள்ளும் மாட்டி, அந்த நெடுத்த மனிதர் வாழைப்பூப் பொத்தி மாதிரிச் சுற்றப்பட்டு நின்றார்.

மண்டபம் இதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. அதுதான் என்னைக் கெடுத்தது. கைதட்டல் கேட்டால் எனக்கு மைக் எங்கே இருக்கிறது என்று கை தானாகத் தேடும்.

பேசினேன். பெட்ரோல் ஷெட்டில் தொடங்கினேன். இரண்டாவது கதவுக்கு வரும்போது சாரதாவின் முகத்தைக் கண்டு சுருக்கி, கடைசியாக, என் மகளுக்கும் இவருடைய மகனுக்கும் கல்யாணம், நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும், சாப்பாடு என் பொறுப்பு, வராவிட்டால் கோபிப்பேன் என்று முடித்தேன். எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொன்னால் அது ஒரு மரியாதைப் பேச்சு. வெள்ளைக்காரர் அதை உண்மை அழைப்பு என்று எடுத்து, குறித்துக்கொள்ளப் பையிலிருந்து பேனை எடுப்பதைக் கண்டபோதுதான் எனக்கு விசயம் விளங்கியது. அபியின் கதிரை வெறுமையாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான அறையில் ஃபிராங்க் அக்கோடியனை மேசையில் வைத்து, ஆணிகளைக் கழற்றி, துருத்தியைத் தனியாகப் பிரித்து, குறட்டால் சரிகையை நூல் நூலாக இழுத்துக்கொண்டிருந்தார். அபி மூலையில் திரும்பி நின்றாள். டானியல் அவள் தோளைப் பிடித்திருந்தான். நான் சாரதாவின் காதில், பிள்ளை இந்த ஆட்களை ஒளித்து வைத்ததில் பிழையில்லை, ஒரு பொன்னாடையைத் தாங்கத் தெரியாத மனிதர் என்றேன்.

"அவள் அவையளை ஒளிச்சு வைக்கேல்லையப்பா" என்றாள் சாரதா. "ஒரு வருசமா உங்களைத்தான் ஒளிச்சு வைச்சவள்."

சுவரோரம் ஒரு கதிரை கிடந்தது. யாரும் சொல்லாமலே போய் இருந்தேன்.

ஃபிராங்க் கடைசிக் குஞ்சத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று அபியிடம் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கள் ஆட்கள் ஒரு கலைஞனுக்குச் செய்கிற பெரிய மரியாதை இது என்றாள். மனிதர் அந்தக் குஞ்சத்தை விரலால் தடவி நேராக்கினார். பிறகு, இத்தனை வருசம் வாசித்ததில் மேடையில் என் மேல் வந்து விழுந்தது பியர் மட்டும்தான் என்று சொல்லி, ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி இருந்த அந்தப் பொன்னாடையை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டார். அதோடு வெளியே ஆட்கள் கல்யாணத் திகதி கேட்டு நிற்கிறார்கள், என்ன சொல்ல என்றார். அபி சிரிக்கத் தொடங்கி, அழுது, திரும்பச் சிரித்து, என்னிடம் வந்தாள்.

"அப்பா, ஒரு கதிரையில இருக்கிறது அவ்வளவு கஷ்டமா?"

"ஓம் பிள்ளை" என்றேன். பொய் சொல்லவில்லை.

சின்னக் கல்யாணம் நடக்கவில்லை. மண்டபம் முழுக்க அழைத்திருந்தேன்; மண்டபம் முழுக்க வந்தது, அக்கோடியன்களோடு. தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளத்தோடு அத்தனை துருத்தியும் சேர்ந்து விரிந்த சத்தத்தில் ஐயருக்கு மந்திரம் ஒருக்கால் தடுமாறியது. ஃபிராங்க் அந்தக் கடிபட்ட பொன்னாடையோடுதான் மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். புதிது தருகிறேன் என்றேன், மறுத்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவர் வாசித்தால் துருத்தியிலிருந்து எப்போதாவது ஒரு சரிகை நூல் விழும். அபி அதைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைப்பாள்.

இப்போது ஒவ்வொரு வருசமும் அந்த விழாவுக்குப் போகிறோம். பழகுநர் வகுப்பில் ஃபிராங்க் தன் எச்சரிக்கையோடு நாங்கள் பழக்கின ஒரு தமிழ்ச் சொல்லையும் சேர்த்திருக்கிறார். டை, ஸ்கார்ஃப், நீளத் தாடி, சம்பந்தி, இவை துருத்திக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது எழும்பி ஒரு வணக்கமாவது சொல்லாமல் இருப்பது மரியாதையா? மெல்ல எழும்புவேன்.

"மாமா," என்பான் டானியல், அவனுக்கு வருகிற சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், "இருங்கோ."